மஞ்சள் நூல் கட்டிய சிப்பிப் பை

இன்று காலை வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்துவிட்டது. பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர். பீரோவில் புடவைகளுக்கு நடுவே கிடந்திருக்கிறது. ஒரு புடவையை உருவினேன், கூடவே வந்து தரையில் விழுந்து நொறுங்கியது. பாதரசம் சின்னச் சின்ன மணிகளாகச் சிதறிக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. வீட்டு வேலைக்கு வருகிற பெண் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "தொடாதே!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தாளை மடித்து ஒவ்வொரு மணியாக ஒதுக்கி, தண்ணீர் ஊற்றிய பாட்டிலுக்குள் சேர்த்து மூடினேன். வேலை முடிந்தது. ஆனால் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தேன். மறுபடியும் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பிறகு இன்னொரு முறை பார்த்தேன்.

உன்னோடு பேசாமல் இந்த நாள் கழியாது என்று தெரிந்துவிட்டது. எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ பதில் சொல்ல மாட்டாய் என்பது எனக்கு ஒரு விதத்தில் வசதிதான். நம் பழக்கத்திலேயே முதல் முறையாக, குறுக்கே யாரும் பேசாமல் நான் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கப் போகிறேன். எங்கே, இப்போது சொல்லு பார்ப்போம், "உனக்குக் கெமிஸ்ட்ரியும் தெரியாது, மனுஷங்களையும் தெரியாது" என்று.

எழுபதுகளின் நடுவில் காஞ்சிபுரத்தில் ஒரே கல்லூரியில் இருவரும் டெமான்ஸ்ட்ரேட்டர்கள். நான் வேதியியல், நீ விலங்கியல். நான் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். நீ ஐயம்பேட்டைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருவாய். உன் அப்பா அம்மா அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, களை பறித்து உன்னைப் படிக்க வைத்தவர்கள். உன் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நீ. அது உன் நடையிலேயே தெரியும். எங்கே போனாலும் யாரோ கதவைச் சாத்திவிடப் போகிறார்கள் என்பதுபோல விறுவிறுவென்று போவாய். பின்னால் ஓடி வருகிறவளுக்கு மூச்சு வாங்குகிறதே என்ற எண்ணமெல்லாம் உனக்குக் கிடையாது.

ஒருநாள் மத்தியானம் நூலகத்திலிருந்து ஒரு பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு என் லேபுக்குள் வந்தாய். ஜப்பானில் ஒரு கடலோர ஊர். தொழிற்சாலைக் கழிவில் பாதரசம். அந்தக் கடலின் மீனையும் சிப்பியையும் தின்ற தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளின் படங்கள் இருந்தன. தாய்மார்கள் பார்க்க நன்றாகத்தான் இருந்தார்கள். குழந்தைகளைத்தான் பார்க்க முடியவில்லை.

"பாதரசம் தண்ணிக்குள்ள போனா இன்னா ஆவும்?" என்று கேட்டாய்.

"கனமான வஸ்து. கரையாது. அடியில போய் உக்காந்துக்கும். ஒண்ணும் ஆவாது" என்றேன்.

"ஒண்ணும் ஆவாதுன்னு உங்க புக்ல இருக்குது. எங்க புக்ல வேற மாதிரி இருக்குது. சேத்துல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி அதை வேற வெஷமா மாத்தி வுட்டுடும். அப்புறம் அது சிப்பிக்குள்ள போவும், மீனுக்குள்ள போவும், வயித்துப் புள்ளைக்குப் போவும்."

எனக்குக் கோபம் வந்தது. என் பாடத்தில் நீ வந்து திருத்துவதா? ஆனால் நீ என்ன நினைத்துக் கேட்கிறாய் என்பது எனக்கு உடனே புரிந்தது. உங்கள் ஊருக்குப் போகிற கால்வாயின் ஓரத்தில், டவுனைத் தாண்டியதும் ஒரு கொட்டகை இருந்தது. பழைய பட்டுச் சேலைகளை வாங்கி வந்து எரிப்பார்கள். பட்டு எரிந்துபோகும், சரிகை தங்கும். சாம்பலில் பொடிப்பொடியாக மிஞ்சுகிற வெள்ளியைப் பிடிக்க, பாதரசத்தை ஊற்றிப் பிசைந்து அலசுவார்கள். அலசிய தண்ணீர் கால்வாய்க்குத்தான் போகும். தறிக்காரர் வீட்டில் பிறந்த எனக்கு அந்தக் கொட்டகை தெரியும். அங்கே வேலை செய்கிறவர்களும் பாவப்பட்டவர்கள்தான். யாரும் யாரையும் கெடுக்க நினைத்துச் செய்த காரியமில்லை அது.

முதலில் என் வழியில் போனோம். கால்வாயில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்து வந்து நான் சோதித்தேன். ஒன்றும் இல்லை. மறுவாரமும் பிடித்தோம். ஒன்றும் இல்லை. "பாத்தியா?" என்று நான் ஜெயித்த மாதிரி நின்றேன்.

"நீ தண்ணி மொண்ட அன்னிக்கு அவங்க அலசல. அலசுன அன்னிக்கு நீ மொள்ளல. தண்ணி ஓடிக்கினே இருக்கும்டி. சிப்பி எங்கியும் ஓடாது. இருக்கிற எடத்துலயே கெடந்து, போற தண்ணியையெல்லாம் குடிச்சு வடிகட்டிக்கினு இருக்கும். நேத்து வந்ததும் அதுங்கிட்ட இருக்கும், போன மாசம் வந்ததும் இருக்கும். அதைக் கேப்போம்."

எத்தனையோ பேராசிரியர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு நீ இடுப்பில் கை வைத்துச் சொன்னதுபோல யாரும் எனக்கு எதையும் விளங்க வைத்ததில்லை. இதை நீ இருந்தபோது சொல்லியிருந்தால் தலையில் ஏறி உட்கார்ந்திருப்பாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் எனக்குச் சாப்பாடு. உன் சரோஜா அண்ணி சிப்பிக் குழம்பு வைத்திருந்தாள். உன் அண்ணன் கொத்தனார். வேலை இல்லாத நாளில் கால்வாயில் இறங்கி, சேற்றைத் துழாவிச் சிப்பி எடுத்து வருவார். அண்ணி முழுகாமல் இருந்தாள். அதற்கு முன்னால் இரண்டு முறை தங்கவில்லை. சிப்பி சாப்பிட்டால் உடம்புக்குத் தெம்பு என்று அண்ணன் ஆசை ஆசையாகக் கொண்டுவந்து போட்டார். நீ அண்ணியின் தட்டை உன் பக்கம் இழுத்து, அதிலிருந்த சிப்பியை எல்லாம் வழித்து வெளியே கொட்டினாய்.

"இன்னா நாத்தனாரே, சோத்துல மண்ணு போடற?" என்றாள் அண்ணி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நீ விளக்கினாய். ஜப்பான் என்றாய், பாதரசம் என்றாய். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். "பாப்பா, நம்ம ஆளுங்க காலங்காலமா துன்றாங்கோ. நீ ஒண்ணும் பொய் சொல்ல மாட்டே. ஆனா வாயால சொன்னா எப்டி? சோதனை பண்ணி எழுத்துல காட்டு. அன்னியோட நிறுத்திக்கலாம்" என்றார்.

திரும்பி பஸ்ஸுக்கு நடக்கும்போதுதான் உன் தம்பியைப் பற்றிச் சொன்னாய். அவன் இருந்ததே எனக்கு அதுவரை தெரியாது. பிறந்தபோது அழகாக இருந்தானாம். மாதங்கள் ஆகியும் கழுத்து நிற்கவில்லை. வருஷம் ஆகியும் நிற்கவில்லை. தூக்கினால் தலை தோளில் விழும். கடைசிவரை நீதான் அவன் தலையைத் தாங்கிப் பிடித்துச் சோறு ஊட்டியிருக்கிறாய். அம்மா அவனைச் சுமந்தபோது உங்கள் வீட்டில் தினம் சிப்பிதான்.

"கொட்டகை அப்பவே இருந்துதா?" என்று கேட்டேன். வேறு எதையாவது கேட்டிருக்கலாம். எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"இருந்துது. அது ஆதாரம் ஆவாதுன்னு எனக்கும் தெரியும். அதுக்குத்தாண்டி சிப்பி" என்றாய்.

தென்னேரிக்குப் போய் ஏரியிலிருந்து நல்ல சிப்பிகளாகப் பொறுக்கி வந்தோம். மீன்வலைத் துண்டில் பைகள் தைத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சிப்பி போட்டு, கால்வாய் நெடுக முக்கி வைத்தோம். கொட்டகைக்குக் கீழே ஒன்று, துணி துவைக்கிற துறையில் ஒன்று, கால்வாய் உங்கள் ஊர் ஏரியில் விழுகிற இடத்தில் ஒன்று. கொட்டகைக்கு மேலே, தண்ணீர் சுத்தமாக வருகிற இடத்தில் ஓர் அரசமரம் இருந்தது. அதன் வேர் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். அங்கேயும் ஒரு பை, அதுதான் நம் கன்ட்ரோல். சுத்தமான இடத்துச் சிப்பியோடு ஒப்பிட்டால்தானே மற்றவற்றில் ஏறியது தெரியும்? பைகள் மாறிப் போகாமலிருக்க எங்கள் தறியில் மிஞ்சிய பட்டு நூலைக் கட்டினோம். கீழே உள்ள மூன்றுக்கும் அரக்கு, பச்சை, நீலம். மரத்தடிப் பைக்கு, நிழலிலும் பளிச்சென்று தெரியட்டும் என்று மஞ்சள்.

மஞ்சளை எடுத்தது நீயா நானா என்ற வழக்கு நமக்குள் கடைசிவரை தீரவில்லை. நீதான் எடுத்தாய். இப்போதும் அதையே சொல்வேன்.

காஞ்சிபுரத்துப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த இரண்டு பெண்கள், அரசமரத்து வேரில் மஞ்சள் நூல் கட்டி, தண்ணீருக்குள் ஒரு பையைத் தொங்கவிடுகிறோம். அதை இந்த ஊர் என்னவென்று நினைக்கும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. படிப்பு வந்து கண்ணை மறைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். சில வாரம் கழித்துப் பைகளை எடுக்கப் போனபோது மரத்தில் தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன. பிள்ளை வரம் வேண்டிக் கட்டுவார்களே, அந்தத் துணித் தொட்டில்கள். கிளைக்குக் கிளை மஞ்சள் கயிறு. நம் பைக்குப் பூச்சரம் சுற்றியிருந்தது. உள்ளே ஒவ்வொரு சிப்பிக்கும் நெற்றியில் வைக்கிற மாதிரி செந்தூரப் பொட்டு. பையைத் தூக்கி, பொட்டு வைத்து, மறுபடி பத்திரமாகத் தண்ணீருக்குள் இறக்கி வைத்திருந்தார்கள்.

நீ கரையிலேயே உட்கார்ந்து சிரித்தாய். "ஐயோ, நம்ம கன்ட்ரோலுக்குக் கோயில் கட்டிட்டாங்கடி!" நானும் சிரித்தேன். ஓட்டின் மேலிருந்த பொட்டைத் தேய்த்துக் கழுவினோம். சதை உள்ளேதானே இருக்கிறது, ஓட்டில் பட்டது என்ன செய்துவிடும் என்று விட்டுவிட்டோம்.

சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உனக்குத் தெரிந்த அதிகாரி ஒருவர் சோதித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். முடிவு வந்ததும் கூப்பிட்டார். போய் நின்றோம். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"என்னம்மா இது? கொட்டகைக்குக் கீழே இருக்கிற சிப்பியில இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா சுத்தமான இடம்னு சொல்றீங்களே, அதுல அதைவிட அதிகமா இருக்கு. கன்ட்ரோலே கெட்டுப் போச்சு. இதை வெச்சுக்கிட்டு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? மறுபடி செஞ்சு கொண்டாங்க."

பஸ் ஏறித் திரும்பினோம். வாலாஜாபாத் நெருங்கும்போது நீ மெதுவாகக் கேட்டாய். "செந்தூரத்துல இன்னா இருக்குது?"

நாட்டு மருந்துக் கடையில் அந்தக் காலத்தில் விற்ற அசல் செந்தூரம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. முதல் வருஷ மாணவிக்குக்கூடத் தெரிந்த விஷயம். பொட்டு தண்ணீரில் தூளாக உதிர்ந்து, சிப்பி வாய் திறந்தபோதெல்லாம் உள்ளே போயிருக்கிறது. நான் சொன்னதும் நீ முன் சீட்டின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாய்.

மறுநாளே உங்கள் வீட்டில் விசாரித்தாய். மரத்தடிப் பைக்கு முதலில் பொட்டு வைத்தது யார் தெரியுமா? சரோஜா அண்ணி. ஞாயிற்றுக்கிழமை உங்களோடு சர்ச்சுக்கு வருவாள், செவ்வாய்க்கிழமை மரத்துக்கும் போவாள். இந்தத் தடவையாவது தங்கணும் என்று வேண்டிக்கொண்டு, யாரோ கட்டிய நேர்த்திக்கடன் பை என்று நினைத்து, அதற்குப் பொட்டு வைத்திருக்கிறாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் வைத்திருக்கிறார்கள்.

நான் அன்று சாயந்திரமே உங்கள் வீட்டுக்கு வந்தேன். திரும்பச் செய்யலாம், இந்தத் தடவை வெள்ளை நூல் கட்டலாம், மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்றெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். நீ அண்ணிக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாய். அடுப்பில் சிப்பி வெந்துகொண்டிருந்தது. வாசனை எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணி, அந்தப் பையில இன்னா இருந்துது, பாத்தியா?"

"சிப்பிதான். பாத்துதானே வெச்சேன்."

"அதுக்குப் பொட்டு வெச்சே. பூ சுத்துனே. புள்ளையக் குடுன்னு அதுங்கிட்ட வேண்டிக்கினே."

"ஆமா."

"வூட்டுக்கு வந்து அதையே அடுப்புல ஏத்திருக்கியே. ஞாயமா அண்ணி?"

அண்ணி உன்னைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். எழுந்து போய்ச் சட்டியை இறக்கி, துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். காலிச் சட்டியோடு திரும்பி வந்தாள். "எனக்கு யாருமே சொல்லலையேம்மா" என்றாள். ஜப்பான், பாதரசம் என்று நீ சொன்னதெல்லாம் அவள் கணக்கில் வரவே இல்லை. அன்றோடு அந்த வீட்டில் சிப்பி நின்றது. அண்ணி வாய் சும்மா இருக்குமா? மரத்தில் தொட்டில் கட்டியவர்கள் எல்லாருக்கும் செய்தி போனது. கட்டியவள் சிப்பி தொடக் கூடாது, பிள்ளை பிறந்து பால் மறக்கும்வரை தொடக் கூடாது என்று அவர்களே விதி போட்டுக்கொண்டார்கள். கால்வாய் மீனையும் அதில் யாரோ சேர்த்துவிட்டார்கள்.

வாசலில் வைத்து உன்னைப் பிடித்தேன். "அறிவியல் படிச்சவ பேசற பேச்சாடி இது? அவங்க மூடநம்பிக்கையால நம்ம சோதனை நாசமாச்சு. அதையே நீ ஊதிப் பெருசாக்கற. நாளைக்கு எவளாவது சிப்பிக்குச் சிலை வெப்பா!"

"வெக்கட்டும். நான் ஒரு பொய் சொன்னேனா? சொல்லு."

"நிரூபிக்காம எப்படி நீ…"

"நீ நிரூபி. வெள்ளை நூலு கட்டு, மறுபடி மெட்ராஸ் போ. நானும் வரேன். ஆனா அண்ணி வயித்துல இருக்கிறது நம்ம ரிப்போர்ட் வர்ற வரிக்கும் காத்துக்கினு இருக்காதுடி."

நீ சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். சண்டைக்காரி நீ. அன்றைக்கென்று சத்தம் போடாமல் சொன்னாய். அதன் பிறகு வெகுநாள் நான் உன்னோடு பேசவில்லை. ஸ்டாஃப் ரூமில் நீ வந்தால் நான் எழுந்து போவேன். வீம்புக்கு நானே தனியாகத் தென்னேரிக்குப் போய்ச் சிப்பி எடுத்து, வெள்ளை நூல் கட்டி, மரத்துக்கும் வெகு மேலே ஆள் போகாத இடத்தில் பை வைத்தேன். ஐப்பசி மழையில் கால்வாய் புரண்டு வந்து எல்லாப் பைகளையும் அடித்துக்கொண்டு போனது. தண்ணீர் வடிவதற்குள் கொட்டகைக்காரர்கள் வேறெங்கோ இடம் மாறிப் போனார்கள். சோதிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தக் கால்வாய்ச் சிப்பியில் எவ்வளவு இருந்தது, அது ஒரு குழந்தையைக் கெடுக்கப் போதுமா போதாதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமலே நானும் போகப் போகிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் எழுந்து நடக்கத் தோன்றுகிறது.

அண்ணிக்குப் பெண் பிறந்தது. கிரேஸ் என்று பேர் வைத்தீர்கள். ஊரெல்லாம் சர்க்கரை கொடுத்தார் உன் அண்ணன். நீ மட்டும் சர்க்கரை வாயில் போடவில்லை என்று கேள்விப்பட்டேன். எதற்கென்று எனக்கு மட்டும்தான் தெரியும். பிறந்தபோது உன் தம்பியும் அழகாகத்தானே இருந்தான்? நீ கழுத்து நிற்பதற்காகக் காத்திருந்தாய். லீவு போட்டாய். லேபில் தவளையை வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று மாணவிகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரு சனிக்கிழமை நானே உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

நீ ஏன் வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. பாயில் குழந்தையைக் குப்புறப் போட்டுவிட்டு, அதற்கு எதிரே நீயும் குப்புறப் படுத்திருந்தாய். நானும் உன் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். இரண்டு டெமான்ஸ்ட்ரேட்டர்கள் தரையில் மூஞ்சியை வைத்துக்கொண்டு கிடக்கிறோம், அண்ணி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொள்கிறாள். குழந்தை மூக்கைப் பாயில் தேய்த்தது. முனகியது. கையை ஊன்றப் பார்த்துச் சரிந்தது. உன் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. வலித்தது, நான் உருவிக்கொள்ளவில்லை. கிரேஸ் தலையைத் தூக்கினாள். ஆடியது. விழப் போகிறது என்று நினைத்தேன். விழவில்லை. தலை நிமிர்ந்து நிற்க, நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நின்னுடுச்சுடி! நீ சொன்னதுதான் சரி! இதுக்கு மேல இன்னா ஆதாரம் வேணும்?" என்று கத்தியது நான். நிரூபணம் நிரூபணம் என்று உன்னோடு மாதக்கணக்கில் பேசாமலிருந்த நானேதான்.

நீ கண்ணைத் துடைக்காமலே சொன்னாய். "ஒரு கொழந்த ஆதாரம் ஆவாதுடி. என் தம்பியும் ஆவல, இவளும் ஆவ மாட்டா." பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நீ அழுத அழுகை இருக்கிறதே, தம்பிக்காக நீ அதுவரை அழவே இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு உங்கள் தெருவில் பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் நீ போய்ப் பார்த்தாய். எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்கள், யார் ஜாடை என்று பேசுவார்கள். நீ பிடரிக்குக் கீழே கையை வைத்துப் பார்ப்பாய். கிறுக்கச்சி என்று நானே உன்னைச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். நீ போன பிறகு கிரேஸுக்கு ஒரு பையன் பிறந்திருக்கிறான். செவிலிமேட்டில் வீடு. அவள் வயிற்றில் அவன் இருந்தபோது சிப்பி கண்ணில்கூடப் பட்டதில்லை. அந்தக் கால்வாயிலேயே இப்போது சிப்பி கிடையாது. எல்லாம் எனக்குத் தெரியும், கெமிஸ்ட்ரி படித்தவள்தானே நான்? ஆனாலும் அவன் பிறந்த நாள் முதல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தினம் டவுன் பஸ் ஏறிப் போய் அவனைக் குப்புறப் போட்டுப் பார்க்கிறேன். "எங்க அத்தை போனாங்கோ, நீங்க வந்துட்டீங்களா?" என்று கிரேஸ் கேலி செய்கிறாள். நேற்றுவரை கழுத்து நிற்கவில்லை. இன்னும் நாள் இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். முட்டி வலிக்கிறது, தரையில் படுத்தால் எழுந்திருக்க ஆள் வேண்டியிருக்கிறது. இருந்தாலும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.